பச்சைச் சீட்டில் ஒரு கையெழுத்து

மணி பத்தே கால். இப்போது கூப்பிட்டது இருபத்தாறு. என் டோக்கன் நாற்பத்தொன்று, பெயர் பிச்சுமணி. உங்களுக்கு நாற்பத்திரண்டா அக்கா? அப்படியானால் எனக்கு அடுத்தது நீங்கள்தான். இந்தப் பக்கமாக உட்காருங்கள். அந்த ஓரத்தில் பெஞ்சுக் கால் ஆடும். இந்தப் பத்திர ஆபீசில் இந்தப் பெஞ்சை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். ஆணி அடிக்க ஆளில்லை.

பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறேனே என்று பார்க்கிறீர்கள். உள்ளே டிபன் பெட்டி இருக்கிறது, அதுதான். இல்லை, அது மட்டும் இல்லை. வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தர் செல்லில் பேசுகிறாரே, தெரிகிறதா? திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் எங்கள் முதலாளியின் தம்பி. முதலாளி எதிரே காருக்குள் இருக்கிறார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூடத் தம்பி இரண்டு அடி பின்னால் வருகிறார். மரியாதையாகத்தான் வருகிறார். ‘என்ன அண்ணாச்சி, தண்ணியா, நான் வாங்கித் தாறேன்’ என்கிறார். அந்த மரியாதைக்குத்தான் எனக்குப் பயம்.

என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். ஆலங்குறிச்சி ரேடியோ. காலை ஆறு மணிக்கு ‘மேலணையில் நீர்மட்டம்’ என்று ஆரம்பிக்கிற குரல் நான்தான். பதினோரு வருடமாக நான்தான். சமுதாய வானொலி என்று சொல்வார்கள். சின்ன நிலையம், சுற்றிலும் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். பாட்டுப் போடுவேன், ஆடு மாடு தடுப்பூசி எந்தத் தெருவில் என்று சொல்வேன், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்வேன், ஆற்றில் தண்ணீர் திறந்தால் சொல்வேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அணையில் சங்கு ஊதுவார்கள், ஆனால் அது இரண்டு கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். எங்கள் ஊர் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. எங்கள் தரைப்பாலத்தில் இறங்குகிற எல்லாரும் ரேடியோவைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

இன்றைக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன். போட்டால் அந்த ரேடியோ முழுக்க என்னுடையது. சிரிக்காதீர்கள் அக்கா. நிஜமாகத்தான். முதலாளியும் தம்பியும் விலகிக்கொள்கிறார்கள். மிச்சம் நான் ஒருத்தன். காலையில் டீக்கடையில் வைத்து முதலாளி சொன்னார், ‘இனிமே நீதான் முதலாளி, பிச்சு. சந்தோஷம்தானே’ என்று. ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

போன மாதம் பதினாலாம் தேதி எங்கள் ஆற்றில் ஒரு பெண் போய்விட்டாள். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ரேடியோ ஏன் நேரத்துக்குச் சொல்லவில்லை என்று கோட்டாட்சியர் விசாரிக்கப் போகிறார். ‘நிலையத்தின் பொறுப்பாளர்கள் ஆஜராக வேண்டும்’ என்று அழைப்பு வந்திருக்கிறது. அது வந்த மூன்றாம் நாள் எனக்கு ரேடியோ கிடைக்கிறது.

புரிகிறதா? எனக்கும் புரிகிறது. புரிந்துதான் பயமாக இருக்கிறது.

இருபத்தெட்டு கூப்பிட்டாயிற்று. இன்னும் நேரம் இருக்கிறது. இந்த ரேடியோ யாருடையது என்பதை முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

முதலில் டாக்டர். டாக்டர் நல்லசிவன். இரண்டாயிரத்து எட்டில் ஒரு அறக்கட்டளை பதிவு செய்து, டெல்லிக்கு நடையாக நடந்து லைசென்ஸ் வாங்கினார். அவர் கிளினிக் மாடியில்தான் நிலையம். சுவருக்கு முட்டை அட்டை ஒட்டி எதிரொலி வராமல் செய்தோம். நான் அப்போது கீழே மருந்துக் கடையில் இருந்தேன். மருந்துப் பேரை நான் உரக்க வாசிக்கிறதைக் கேட்டுவிட்டு டாக்டர், ‘மேல வாய்யா, ஒனக்குக் குரல் இருக்கு’ என்றார். அப்படி மேலே போனவன். அறக்கட்டளையில் டாக்டர், டாக்டர் வீட்டம்மா, ஒரு வாத்தியார், மூன்று பேர்.

அங்கே ஒரு தப்பு நடந்தது. தப்பு என் மேல்தான். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருத்தன் போன் பண்ணி, பலசரக்குக் கடை உலகநாதன் இறந்துபோய்விட்டார், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று சொன்னான். நான் அப்படியே படித்துவிட்டேன். உலகநாதன் அப்போது கடையில் உட்கார்ந்து புளி நிறுத்துக்கொண்டிருந்தார். ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்துக்கொண்டிருந்த பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். ஒரு மணி நேரத்தில் சுரண்டையிலிருந்து அவர் மச்சான்மார் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். அவர் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கு வந்தார். ‘யோவ் பிச்சுமணி, செத்தவன் வந்திருக்கேன், எறங்கி வா வே’ என்றார். கியூவில் இருந்த நோயாளிகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

அன்றைக்கு டாக்டர் ஒரு முறை கொண்டுவந்தார். பட்டியலில் இல்லாத எந்த அறிவிப்பையும் சும்மா படிக்கக் கூடாது. சீட்டில் எழுத வேண்டும், நேரம் போட வேண்டும், அறக்கட்டளைக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மைக். கிளினிக்கில் மருந்து எழுதுகிற பச்சைச் சீட்டு கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தார். அதையே எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு வரைக்கும் அதே சீட்டுதான். மேலே ‘டாக்டர் நல்லசிவன், எம்.பி.பி.எஸ்., ஞாயிறு விடுமுறை’ என்று இருக்கும். கீழே ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று நான் எழுதுவேன்.

பச்சைச் சீட்டில் கையெழுத்து இல்லாமல் பிச்சுமணி மைக் பக்கம் போக மாட்டான். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறியது இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

பிறகு டாக்டருக்குக் கண் போய்விட்டது. மகளோடு பெங்களூர் போகிறேன் என்றார். வாத்தியார் அதற்குள் இறந்துவிட்டார். பாலிடெக்னிக் தாளாளர் வேலாயுதப் பெருமாள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் பாருங்கள், இந்த லைசென்சை விற்கக் கூடாது. சட்டம் அப்படி. டாக்டர் பேரில் இல்லை, அறக்கட்டளை பேரில் இருக்கிறது. அறக்கட்டளை அப்படியே இருக்கும், உள்ளே ஆள் மட்டும் மாறலாம். வீட்டை விற்காமல் வீட்டுக்குள் இருக்கிறவர்களை மாற்றுகிற மாதிரி. டாக்டரும் அம்மாவும் வெளியே வந்தார்கள், தாளாளரும் அவர் மைத்துனரும் உள்ளே போனார்கள். மூன்றாவது ஆள் வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். தாளாளர் சுற்றிப் பார்த்தார். ‘பிச்சுமணி, ஒரு கையெழுத்துப் போடும்’ என்றார்.

போட்டேன். இதே பெஞ்சு. பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். குறி இருந்த இடமெல்லாம் போட்டேன். சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தேன். சாட்சி என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்தேன். என்ன சார் இது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால், ஏன், சந்தேகமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

தாளாளர் மூன்று வருடம் வைத்திருந்தார். ரேடியோவுக்கு அவர் அப்பா பேர் வைத்தார். மதியம் முழுக்க அவர் பேச்சுதான், மாணவர்களுக்கு அறிவுரை. பச்சைச் சீட்டு முறை அவருக்கு ரொம்பப் பிடித்தது. ‘நல்ல பழக்கம் வே, விட்றாதீம்’ என்றார். பாலிடெக்னிக்கில் பிள்ளைகள் சேர்வது குறைந்ததும் அவருக்கு ரேடியோ அலுத்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினாலில் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். இதே பெஞ்சு, மறுபடியும் பெருக்கல் குறி. அவர் பேர் உங்களுக்கு வேண்டாம். நல்ல மனுஷன். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று விதி. அவர் என்ன செய்தார் தெரியுமா? நேயர் விருப்பத்தில் கடைப் பெண்களை விட்டுப் போன் பண்ணச் சொன்னார். ‘வணக்கம் அண்ணாச்சி, நான் புதுச்சேலை கட்டிக்கிட்டுப் பேசுதேன்’ என்று ஆரம்பிப்பார்கள். நேயர்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். அப்புறம் அவருக்குப் பாகப்பிரிவினை வந்தது, அவரும் போய்விட்டார்.

இரண்டாயிரத்துப் பதினேழில் தவசிமுத்து. இப்போதைய முதலாளி. சாலை, பாலம், அணைக்கட்டு மராமத்து எல்லாம் எடுத்துச் செய்கிறவர். அவருக்கு எதற்கு ரேடியோ என்று ஊரே கேட்டது. நானும் மனசுக்குள் கேட்டேன். மூன்றாம் தடவை இந்தப் பெஞ்சு, மூன்றாம் தடவை பெருக்கல் குறி.

முப்பத்து மூன்று. ஆமாம், முப்பத்து மூன்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பத்திரம் திரும்பி வந்துவிட்டது போல, அதனால் கொஞ்சம் வேகமாகப் போகிறது.

தவசிமுத்து சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை அக்கா. முந்தின மூன்று பேரும் திட்டுவார்கள். இவர் திட்ட மாட்டார். உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், டீ ஆறுகிற வரைக்கும் நம் முகத்தையே பார்ப்பார். ‘பிச்சு, நீ எதுக்கும் பயப்படாத’ என்பார். அவர் அப்படிச் சொல்கிற வரைக்கும் நான் பயந்திருக்கவே மாட்டேன்.

அவர் வந்ததும் ஒரே ஒரு மாற்றம். அணையிலிருந்து தண்ணீர் தகவல் வந்தால் முதலில் அவருக்குப் போன். அவர் சரி என்ற பிறகுதான் படிக்க வேண்டும். போனில் அவர் சொல்கிற ‘சரி’தான் கையெழுத்துக் கணக்கு, பச்சைச் சீட்டில் மறுநாள் வந்து போட்டுக்கொடுப்பார். நானும் நியாயம்தானே என்று நினைத்தேன். உரிமையாளருக்கு முதலில் தெரிய வேண்டாமா? தரைப்பாலத்துக்குக் கீழே ஆற்றுக்குள் அவருடைய மண் அள்ளுகிற வண்டிகள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் பேசினது இல்லை. நான் வாயைத் திறக்கிறவன் இல்லை அக்கா. உங்களிடம் என்னவோ பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களை யார் என்றே தெரியாது. நீங்கள் அவர்கள் ஆளாக இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. இல்லைதானே?

சரி. பதினாலாம் தேதி, புதன்கிழமை.

ஒன்று நாற்பதுக்கு அணையிலிருந்து போன். ‘இரண்டு மணிக்கு நாலு மதகும் திறக்கிறோம், சொல்லிவிடுங்கள்’ என்றார்கள். அவர்கள் சரியான நேரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். நான் சீட்டில் எழுதினேன், நேரம் போட்டேன். ஒன்று நாற்பத்து மூன்றுக்கு முதலாளியைக் கூப்பிட்டேன். ‘கொஞ்சம் பொறு, பிச்சு. நான் சொல்லுதேன்’ என்றார். அதையும் சீட்டில் குறித்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைக்கிற பழக்கம், உலகநாதன் மாலையோடு வந்த நாளிலிருந்து.

ஏன் பொறுக்கச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆற்றுக்குள் இரண்டு இயந்திரம், ஏழு லாரி. அறிவித்தால் கரை முழுக்க ஆள் கூடிவிடும். கிராம அதிகாரி வருவார், போலீஸ் வரும், யாராவது செல்லில் படம் எடுப்பார்கள். வண்டிகள் கரையேறின பிறகு சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் வந்து சேர எப்படியும் நாற்பது நிமிடம் ஆகுமே.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மறுபடியும் கூப்பிட்டேன். ‘பொறுன்னு சொன்னேம்லா’ என்றார். இரண்டு பத்துக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் சும்மா இருக்கவில்லை அக்கா, மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். சீட்டைப் பாருங்கள், இதோ, சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூன்று நேரமும் எழுதியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் ரேடியோவில் பாட்டுதான் போய்க்கொண்டிருந்தது. நேயர் விருப்பம். ஒரு பாட்டு முடியப்போகிறபோது போன் வருமா என்று பார்ப்பேன், வராது, அடுத்த பாட்டைப் போடுவேன். நீளமான பாட்டாகப் பார்த்துப் போட்டேன். பதினோரு பாட்டு. நல்ல பாட்டுகள்தான்.

இரண்டு இருபத்து மூன்றுக்கு அவரே கூப்பிட்டு, ‘படிச்சிரு’ என்றார். படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

அவள் பேர் மாடத்தி. கிழக்குத் தெருக்காரி. பதினெட்டு ஆடு வைத்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போவாள். போகிறதுக்கு முன்னால் பல நாள் எனக்குப் போன் பண்ணுவாள். பாட்டுக் கேட்க இல்லை. ‘அண்ணாச்சி, இன்னைக்குத் தண்ணி உண்டுமா?’ என்று கேட்பாள். ‘இல்ல தாயி, போயிட்டு வா’ என்பேன். அவ்வளவுதான். பத்து வருடத்தில் நேரில் நின்று பேசினதுகூட இல்லை. குரல்தான் பழக்கம்.

அன்றைக்கு அவள் போன் பண்ணவில்லை. பண்ணிப் பார்த்தாளா, நான் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லையா, எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள், ‘மழைக் கூறா இருக்கே, ஆத்துல எறங்குதியா?’ என்று. ‘ரேடியோவுல ஒண்ணுஞ் சொல்லலியே, பாட்டுல்லா போடுதாவ’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் படித்தபோது அவள் நடு ஆற்றில் இருந்தாள். நாலு மதகுத் தண்ணீர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை, அரை மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கரையிலிருந்து கத்தியிருக்கிறார்கள். அவளுக்கு முதலில் கேட்கவில்லை, கேட்டபோது ஆடுகளைத் திருப்பப் பார்த்திருக்கிறாள். மண் அள்ளின குழி எங்கே இருக்கிறது என்று தண்ணீர் ஏறின பிறகு தெரியாதே. ஆடு நாலு கரையேறிவிட்டது. அவளை மூன்றாம் நாள் கீழே எட்டு கிலோமீட்டரில் எடுத்தார்கள்.

அவள் மரண அறிவிப்பையும் நான்தான் படித்தேன். பச்சைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். முதலாளி அதில் உடனே கையெழுத்துப் போட்டார். ‘பாவம்’ என்றார்.

என்ன அக்கா, எழுந்துவிட்டீர்களா? தண்ணீரா? என்னிடம் பாட்டில் இருக்கிறது, இந்தாருங்கள். குடியுங்கள். கொஞ்சம் உட்காருங்கள். இந்த நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதற்கப்புறம் தூக்கம் இல்லை. எங்கள் நிலையத்தில் போகிற எல்லாமும் தானாகப் பதிவாகும். மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. தம்பி வந்து, ‘அண்ணாச்சி, அந்த ஒரு நாளை மட்டும் அழிச்சிருங்க’ என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அழிக்கவில்லை. அழித்தால் அரசாங்கம் பிடிக்கும் என்று பயம். அழிக்கவில்லை என்று தெரிந்தால் இவர்கள் என்ன செய்வார்களோ என்று பயம். பதிவு விழுகிற அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ‘குடுத்துத் தொலைங்க, இல்ல அழிச்சுத் தொலைங்க, இந்த வீட்டுல அரிசிப் பானைக்குள்ள வைக்காதீங்க’ என்று வீட்டுக்காரி கத்தினாள். அதனால் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். இந்தப் பைதான். மடியில் வைத்திருக்கிறேனே, இதுதான். டிபன் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. தம்பி இரண்டு தடவை, ‘பைய நான் வச்சிருக்கேன் அண்ணாச்சி’ என்றார். டிபன் இருக்கிறது, சாய்ந்தால் சாம்பார் கொட்டிவிடும் என்று சொன்னேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு ஆளில்லையாம். பாருங்கள், ஆளில்லாவிட்டால் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். முப்பத்தொன்பது.

விஷயத்துக்கு வருகிறேன். பத்திரத்தைக் காலையில்தான் காட்டினார்கள். முதலாளியும் தம்பியும் ஜூன் முப்பதாம் தேதியே விலகிவிட்டதாக எழுதியிருக்கிறது. அப்படியானால் ஆகஸ்ட் பதினாலாம் தேதி ரேடியோவில் யார் இருந்தது? நான். நான் மட்டும். வழக்கமாக நான் படிக்க மாட்டேன், பெருக்கல் குறியைத்தான் பார்ப்பேன். இன்றைக்குக் குறி மங்கலாக இருந்ததால் காகிதத்தைக் கிட்டே பிடித்தேன், கண்ணில் பட்டுவிட்டது. ‘2011ஆம் ஆண்டு முதல் மேற்படி அறக்கட்டளையின் அறங்காவலராக இருந்து வரும் ஆ. பிச்சுமணி ஆகிய நான்’ என்று இருந்தது.

எழுத்துப் பிழை என்று நினைத்தேன். பத்திர எழுத்தரிடம் கேட்டேன், ‘சார், நான் சாட்சிதானே?’ என்று. அவர் பழைய பத்திரம் மூன்றையும் எடுத்துப் போட்டார். ‘என்ன அண்ணாச்சி, தூக்கத்துலயா கையெழுத்துப் போட்டீரு? தாளாளர் போனாரு, ஜவுளிக்கடை போனாரு, மூணு பத்திரத்திலயும் மாறாத பேரு உம்ம பேரு ஒண்ணுதான். எட்டு வருசமா நீரும் ஓனருல்லா’ என்று சிரித்தார். மாதாமாதம் ஒரு நோட்டில் ‘வந்திருந்தோர்’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவார்கள். வேலைக்கு வந்த கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கூட்ட நடவடிக்கை நோட்டாம். நான் எட்டு வருடம் கூட்டத்தில் கலந்துகொண்டிருக்கிறேன்.

அதாவது நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருத்தன் ஓனராக இருந்தால் அது அவன் குற்றமா? இதைத்தான் கோட்டாட்சியரிடம் சொல்லலாம் என்று.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லுங்கள்.

‘அப்போ அன்னைக்கு அந்தச் சீட்டுல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாமே.’

அக்கா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது.

காலையில் இருந்து நான் அந்தப் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் ஓனர் என்றால் என்னைப் பிடிப்பார்களே என்றுதான் யோசித்தேன். இப்படி யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. இந்தச் சீட்டைப் பாருங்கள். ‘அறங்காவலர் கையெழுத்து’ என்று கீழே நானே கோடு போட்டிருக்கிறேன். மரண அறிவிப்பில் போட்டவர் இதில் இன்னும் போடவில்லை. கோடு காலியாகத்தான் இருக்கிறது. பேனா என் கையில்தான் இருந்தது. நேரம் எழுதின பேனா. ஒன்று நாற்பது என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி என் பேரை எழுதியிருந்தால் ஒன்று நாற்பத்தொன்றுக்கு மைக். அவள் அப்போது வீட்டில் இருந்தாள். ஆடு பட்டியில் இருந்தது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

நான் யார் சொல்லுக்குக் காத்திருந்தேன் அக்கா?

நாற்பதா? நாற்பது உள்ளே போய்விட்டார்.

தம்பி வருகிறார். பேசாதீர்கள். ‘வாங்க அண்ணாச்சி, அடுத்தது நாமதான்’ என்கிறார், கேட்டீர்களா, நாம. ‘பைய அந்தம்மாட்ட குடுத்துட்டு வாங்க’ என்கிறார். இல்லை தம்பி, பை இருக்கட்டும். இதோ வருகிறேன். செருப்பு மாட்டுகிறேன்.

நாற்பத்தொன்று. என்னைத்தான்.

எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை அக்கா. விளையாட்டில்லை, கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. உலகநாதன் மாலையோடு வந்தபோது இப்படித்தான் இருந்தது. இரண்டாம் தடவை கூப்பிடுகிறார்கள். தம்பி தோளைப் பிடிக்கிறார். முதலாளி காரிலிருந்து இறங்கிவிட்டார், கதவுச் சத்தம் கேட்டது. ‘பயப்படாத பிச்சு’ என்று சொல்லப்போகிறார். எனக்குத் தைரியம் எல்லாம் கிடையாது, நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். போட மாட்டேன் என்று சொல்ல என் வாயில் வராது. கால் வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் தடவை.

நாற்பத்திரண்டு. உங்களைக் கூப்பிடுகிறார்கள் அக்கா, போங்கள். மெதுவாக எழுந்திருங்கள், பெஞ்சு ஆடும்.

மறுநாள், 2019 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. விலகல் பத்திரம் பதிவாகாததால் தவசிமுத்துவும் அவர் தம்பியும் அறங்காவலர்களாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெயரும் பொறுப்பும் கேட்டார்கள். பிச்சுமணி, அறங்காவலர் என்று சொன்னேன். சீட்டைக் கொடுத்தேன், பையிலிருந்த பெட்டியைக் கொடுத்தேன். ஒன்று நாற்பதிலிருந்து பதிவை ஓட்டினார்கள். நாற்பத்து மூன்று நிமிடம் பாட்டு ஓடியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.